போனில் படம் வரவில்லையா? முதலில் பெட்டிக்குப் போங்கள்

போனில் கேமரா ஆப்பைத் திறக்கிறோம். படத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இல்லாவிட்டால் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது. உடனே ‘கேமரா போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகக் காதில் விழும். பல நேரம் கேமராவுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அது பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் இருக்கும் ரெக்கார்டர் பெட்டியும் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். வீட்டுக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் உள்ள இன்டர்நெட்தான் அறுந்திருக்கும்.

புதிதாகக் கேமரா போட்டவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ரெக்கார்டிங்குக்கு இன்டர்நெட் தேவையில்லை. நெட் பத்து நாள் இல்லாவிட்டாலும் கரண்ட் இருந்தால் பதிவு நடக்கும். அதே மாதிரி, போனில் நேரடிப் படம் பளிச்சென்று வருவதால் பதிவும் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் தனித்தனி வேலை, பழுதும் தனித்தனியாகத்தான் வரும்.

படம் போகும் வழியைப் பார்த்தால் இது விளங்கிவிடும். கேமராவிலிருந்து கேபிள் வழியாகப் பெட்டிக்கு வருகிறது. பழைய மாதிரி கனெக்‌ஷன் என்றால் அந்தப் பெட்டி டிவிஆர். கறுப்போ வெள்ளையோ ஒரு ‘த்ரீ ப்ளஸ் ஒன்’ கேபிள் ஒவ்வொரு கேமராவிலிருந்தும் வந்து, பின்னால் உருண்டையான பிஎன்சி கனெக்டரில் மாட்டியிருக்கும். லேன் கேபிளில் ஓடும் ஐபி கேமரா என்றால் பெட்டியின் பெயர் என்விஆர். எதுவானாலும் உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க் உண்டு, பதிவு அதில்தான் போகிறது. பெட்டியிலிருந்து படம் இரண்டு பக்கம் கிளம்புகிறது. ஒன்று, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக நேராக டிவிக்கு. இன்னொன்று, லேன் கேபிள் வழியாக ரவுட்டர், அங்கிருந்து ஃபைபர், கேமரா கம்பெனியின் சர்வர், கடைசியில் உங்கள் போன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் மொட்டை மாடி ஏறி டேங்க்கை எட்டிப் பார்ப்போம். டேங்க் நிறைந்திருந்தால் பழுது டேங்க்குக்கும் குழாய்க்கும் நடுவில். காலி என்றால் மோட்டார் பக்கம். டிவிஆர்தான் இங்கே டேங்க். ஆகவே போனைப் பார்த்துப் பழுதைத் தேடாதீர்கள். பெட்டியோடு ஒரு டிவியை இணைத்துப் பாருங்கள். ஒரே பார்வையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பல வீடுகளில் பெட்டியோடு டிவி இருக்காது. மாட்ட வந்தவர் தன் சின்ன மானிட்டரில் எல்லாவற்றையும் செட் செய்து காட்டிவிட்டு, அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பார். பரவாயில்லை, ஹாலில் இருக்கிற டிவியே போதும். ஒரு எச்டிஎம்ஐ கேபிளும் பெட்டியோடு கொடுத்த மவுஸும் கையில் இருக்கட்டும். மவுஸைத் தொலைத்தவர்கள் கம்ப்யூட்டர் மவுஸையே செருகலாம். டிவியில் ‘நோ சிக்னல்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். டிவியால் காட்ட முடியாத அளவுக்குப் பெட்டியின் ரெசல்யூஷன் வைக்கப்பட்டிருக்கலாம். வேறு டிவியில் போட்டு அதைக் குறைத்தால் சரியாகிவிடும்.

டிவியில் தெரிகிறது, போனில் இல்லை

அப்படியானால் கேமராவை மறந்துவிடுங்கள். ஏணியும் வேண்டாம். பழுது பெட்டிக்கு வெளியே, நெட் பக்கம்.

முதலில் ஃபைபர் வந்து சேரும் சின்ன மோடத்தைப் பாருங்கள். அதில் ‘லாஸ்’ என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியில் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்திலிருந்து ஒளி வரவில்லை. வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை, நெட் கம்பெனிக்குப் போன் போட வேண்டியதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் ஊரில் ஃபைபர் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. மரக்கிளை ஒன்று விழுந்தால் தெருவுக்கே நெட் இருக்காது.

லாஸ் விளக்கு சிவப்பாக இல்லை, வீட்டு வைஃபையில் மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அடுத்தது பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள லேன் கேபிள். பெட்டியின் பின்பக்கம், கேபிள் செருகும் ஓட்டையோரம் பச்சை, மஞ்சள் நிறத்தில் பொடி விளக்குகள் மினுங்க வேண்டும். எதுவுமே எரியவில்லை என்றால் கேபிளின் கிளிப் உடைந்து லூசாகியிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். வேறு கேபிளைச் செருகிப் பாருங்கள். ரவுட்டரிலும் வேறு ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள். இடி மின்னலில் ஒரு ஓட்டை மட்டும் செத்துப்போவது உண்டு.

விளக்கு எரிகிறது, ஆனாலும் ஆஃப்லைன். இங்கேதான் பலர் திணறுகிறார்கள். ‘நெட் கம்பெனியை மாத்தினேன், அன்னியிலேருந்து கேமரா வரல’ என்று யாராவது சொன்னால், அநேகமாக நான் இப்போது சொல்லப்போவதுதான் காரணமாக இருக்கும்.

வீட்டு நெட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. ரவுட்டருக்கும் ஒரு முகவரி உண்டு, பெரும்பாலும் 192.168.1.1. அந்த வீட்டில் போன் 192.168.1.7 ஆக இருக்கும், டிவி 192.168.1.12 ஆக இருக்கும். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் சாதாரண வீட்டு அமைப்பில் ஒன்றோடொன்று பேச முடியும். வெளியுலகுக்குப் போக எல்லாக் கருவிகளும் ரவுட்டரின் முகவரியைத்தான் வாசலாக வைத்துக்கொள்கின்றன. அதன் பெயர் கேட்வே.

கேமரா மாட்டியவர் டிவிஆருக்கு 192.168.1.100 என்று ஒரு முகவரியையும், கேட்வே 192.168.1.1 என்பதையும் கையால் அடித்து நிலையாக வைத்துவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கு அது சரி. பிறகு நீங்கள் வேறு நெட்டுக்கு மாறினீர்கள். புது ரவுட்டரின் முகவரி 192.168.0.1 ஆகவோ 192.168.29.1 ஆகவோ இருக்கலாம். போனும் டிவியும் தாங்களாகவே புது முகவரி வாங்கிக்கொள்ளும். டிவிஆர் மட்டும் இல்லாத 192.168.1.1-ஐக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும். கேபிள் சரி, விளக்கும் எரிகிறது, ஆனால் வெளியே போக வழி தெரியாது.

தீர்வு இரண்டு நிமிட வேலை. டிவியில் பெட்டியின் மெனுவைத் திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். அங்கே டிஎச்சிபி என்ற கட்டத்தில் டிக் போட்டுச் சேவ் செய்யுங்கள். சில நொடிகளில் பெட்டி புது ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்கிக்கொள்ளும். கேட்வே எண்ணின் முதல் மூன்று பகுதிகள் இப்போது பெட்டியின் முகவரியோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு அதே மெனுவில் பி2பி அல்லது பிளாட்ஃபார்ம் ஆக்சஸ் என்ற பக்கத்தில் ‘ஆன்லைன்’ என்று வர வேண்டும். முகவரி சரியாக இருந்தும் அது வரவில்லை என்றால் டிஎன்எஸ் பகுதியில் 8.8.8.8 என்று போட்டுப் பாருங்கள். பெட்டி கம்பெனி சர்வரைப் பெயர் சொல்லித்தான் தேடுகிறது, அந்தப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ்.

நிலையான முகவரி கெட்ட விஷயம் என்று சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் வெளியிலிருந்து படம் பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து நேராகப் பெட்டிக்கு வர ஒரு வழி திறந்துவிடுவது, செய்ய வேண்டியிருந்தது, அதற்குப் பெட்டியின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். இப்போது பெட்டிமேல் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெட்டியே வெளியில் போய் கம்பெனி சர்வரோடு பேசிக்கொள்கிறது. அதுவும் போக, பல நெட் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைக்கின்றன. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி (மெனுவில் WAN என்று இருக்கும்) 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஆரம்பித்தால் உங்கள் வீடும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் செய்து பயனில்லை. பழைய போர்ட் திறந்து கிடந்தால் மூடிவிடுவது நல்லது. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் நெட்டில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்தது. அந்தப் படைதான் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உட்பட பெரிய பெரிய தளங்களைத் திணறவைத்தது. உங்கள் டிவிஆரின் பாஸ்வேர்டு இன்னும் 123456 என்றிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் போய் அதை மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். பாஸ்வேர்டை மறந்து பெட்டியைத் திறக்க முடியாமல் நிற்பவர்கள் ஏராளம்.

படம் வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்பது வேறு கதை. புதுச்சேரியில் பிள்ளை பிரான்ஸில் இருக்கும் வீடுகள் நிறைய. அங்கிருந்து பார்ப்பவர் தன் நெட் வேகமாக இருக்கிறதே என்பார். அவர் பார்ப்பது உங்கள் வீட்டிலிருந்து ஏறிப் போகும் படம். கணக்கில் வருவது உங்கள் அப்லோடு வேகம். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால் நான்கு கேமராவையும் ஒரே திரையில் முழுத் தரத்தில் பார்க்க 8 எம்பிபிஎஸ் அப்லோடு தேவை. ஆப்பில் ‘சப் ஸ்ட்ரீம்’ அல்லது எஸ்டி என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சின்னத் திரைக்கு அது போதும், டிஸ்கில் பதிவாவது எப்போதும்போல முழுத் தரத்திலேயே இருக்கும். இன்னொன்று, பெட்டியின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது. பாரிஸில் குளிர்காலத்தில் மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 10:30, கோடையில் 9:30. பழைய பதிவைத் தேடுபவர் இதைக் கணக்கில் வைக்காமல் ‘ஒன்னுமே ரெக்கார்ட் ஆகல’ என்று சத்தம் போடுவார்.

டிவியிலும் தெரியவில்லை

இப்போது கேமரா பக்கம் வருவோம். ஒரு கேமரா மட்டும் போயிருக்கிறதா, எல்லாமே போயிருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்துவிட்டால் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்லாக் கேமராவுக்கும் 12 வோல்ட் கொடுப்பது அதுதான். சில வீடுகளில் டிவிஆரும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், எஸ்எம்பிஎஸ் மட்டும் சாதாரண பிளக்கில் இருக்கும். கரண்ட் போன நேரம் பெட்டி உயிரோடு இருந்து ‘வீடியோ லாஸ்’ என்று காட்டிக்கொண்டிருக்கும். பிளக்கை மாற்றினால் போதும். மற்றபடி அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்காதீர்கள். திறந்து பார்த்தால் சில சமயம் பல்லி செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் எறும்புக் கூட்டம்.

ஒன்று மட்டும் போயிருந்தால் ஏணியைத் தேடும் முன் ஒரு சின்ன மாற்றுச் சோதனை செய்யலாம். டிவிஆரின் பின்னால் 2-ஆம் எண்ணில் உள்ள கேபிளைக் கழற்றி, நன்றாக ஓடும் 3-ஆம் எண்ணில் மாட்டுங்கள். 3-ஐ எடுத்து 2-இல் மாட்டுங்கள். கறுப்பு 3-க்கு நகர்ந்துவிட்டால் பழுது அந்தக் கேபிளிலோ கேமராவிலோ இருக்கிறது. கறுப்பு 2-லேயே நின்றால் பெட்டியின் அந்தத் துளை போய்விட்டது. பழுது கேபிள், கேமரா பக்கம் என்று தெரிந்தால், கேமராவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து டிவிஆர் பக்கத்திலேயே ஒரு சின்னக் கேபிளில் ஓட்டிப் பாருங்கள். இங்கே ஓடினால் கேமரா நல்லது, நடுவில் உள்ள கேபிள்தான் கெட்டது. புதுக் கேமரா வாங்கும் முன் இதைச் செய்தால் பணம் மிச்சம். வாங்கிய புதுக் கேமராவும் கறுப்பாகவே இருந்தால் ஏஎச்டி, டிவிஐ, சிவிஐ என்று கேமரா அனுப்பும் முறை பெட்டிக்கு ஒத்துவராமல் இருக்கலாம். கடையில் பெட்டியின் மாடலைச் சொல்லி வாங்குங்கள்.

நம் ஊரில் கேபிள் கெடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. தேவனாம்பட்டினம், முதுநகர், முத்தியால்பேட்டை மாதிரிக் கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று கனெக்டரைத் தின்றுவிடும். கேமராவின் வால் பக்கத்தில் கேபிளோடு சேரும் பிஎன்சியையும் கரண்ட் கொடுக்கும் டிசி பின்னையும் கழற்றிப் பாருங்கள். செம்பில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும், பின்னுக்குள் வெள்ளைப் பொடி தட்டியிருக்கும். துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், அடுத்த மழையில் மறுபடி போகும். அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிஎன்சி, புது டிசி பின் போடுவதுதான் சரி. உள்ளே கம்பியும் கறுத்திருந்தால் செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டுங்கள். ஜாயிண்டைச் சுவரில் தொங்கவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேலையே இல்லை. டேப் வெயிலில் பிசுபிசுத்து விட்டுவிடும். ஒரு பிவிசி பெட்டிக்குள் வைத்து, கேபிளை அடிப்பக்கமாக நுழைத்து, நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி ஏறும்படி வளைத்து விடுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

பகலில் நன்றாக இருந்து இருட்டியதும் காணாமல்போகும் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் கேமராப் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். இரவில் கேமராவின் ஐஆர் விளக்குகள் (கண்ணுக்குத் தெரியாத ஒளியால் இருட்டில் பார்க்க உதவுபவை) எரியும்போது அது இழுக்கும் கரண்ட் ஏறுகிறது. பகலில் 0.2 ஆம்பியர் இழுத்தது இரவில் 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் தடை போக வர 5 ஓம் என்றால் பகலில் வழியில் வீணாவது 1 வோல்ட், கேமராவுக்கு 11 கிடைக்கும். இரவில் வீணாவது 2.5 வோல்ட், கிடைப்பது 9.5. கேமரா அணைந்து போகும். அணைந்ததும் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும், கேமரா மறுபடி உயிர் பெறும், விளக்கு எரியும், மறுபடி அணையும். டிவியில் பார்த்தால் படம் வந்து வந்து போகும். மல்டிமீட்டரைக் கேமரா முனையில், இரவில், கேமரா மாட்டியிருக்கும்போதே வைத்து அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் 12 காட்டி ஏமாற்றும். களிம்பு பிடித்த டிசி பின், நீளமான மெல்லிய கேபிள், செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்ற மலிவுக் கேபிள், வயதான எஸ்எம்பிஎஸ் இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். தூரத்துக் கேமராவுக்கு அருகிலேயே தனி 12 வோல்ட் அடாப்டர் கொடுத்துவிடுவது சுலபமான வழி.

இரவில் படம் வெள்ளைப் புகை மூட்டமாகத் தெரிந்தால் பழுதே இல்லை. கண்ணாடியில் உப்புப் படலமும் தூசியும் படிந்து ஐஆர் ஒளி அதில் பட்டுச் சிதறுகிறது. சிலந்தி வலை கட்டியிருந்தாலும் இப்படித்தான். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போகும்.

ஐபி கேமரா வைத்திருப்பவர்களுக்கு: லேன் கேபிளிலேயே கரண்டும் போகும் பிஓஇ முறையில் ஒரே ஓட்டமாக 100 மீட்டர்தான் வரம்பு. அதைத் தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வேண்டும். என்விஆரின் பின்னால் உள்ள பிஓஇ துளைகளில் நேரடியாக மாட்டிய கேமராக்களுக்கு என்விஆரே தனி முகவரி கொடுக்கும். அவை ரவுட்டரின் பட்டியலில் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

எல்லாம் தெரிகிறது, பதிவுதான் இல்லை

நான் பார்த்தவரை இதுதான் ஆளைக் கவிழ்க்கும் பழுது, ஏனென்றால் இது வெளியே தெரிவதில்லை. ஹார்டு டிஸ்க் செத்துப்போனாலும் நேரடிப் படம் வந்துகொண்டுதான் இருக்கும். பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்தும். அந்தச் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று யாராவது மெனுவில் போய் அதை அணைத்துவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் வண்டி திருடு போகும், பதிவைத் தேடினால் மூன்று மாதமாக வெறுமை.

பெட்டி கத்தினால் காரணத்தைத் தேடுங்கள். மெனுவில் ஸ்டோரேஜ் பக்கத்தில் டிஸ்க் இருக்கிறதா, ‘நார்மல்’ என்கிறதா ‘எரர்’ என்கிறதா என்று தெரியும். ‘ஓவர்ரைட்’ ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பியதும் பதிவு நின்றுவிடும். டிஸ்க் மாற்ற வேண்டி வந்தால் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்கைப் போடாதீர்கள். இரவு பகல் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று கேமரா டிஸ்குகள் தனியாகக் கிடைக்கின்றன.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பது சின்னக் கணக்கு. 2 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 0.25 எம்பி. ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆக ஒரு கேமராவுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்கில் சுமார் 11 நாள். படத்தைச் சுருக்கும் எச்.265 முறையில் ஏறக்குறைய பாதி அளவே பிடிக்கும் என்பதால் எம்பிபிஎஸ்ஸைக் குறைத்து வைக்கலாம், நாள் கூடும். ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்து வருபவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மாதம் ஒருமுறை பிளேபேக்கில் போய் முந்தின நாள் இரவு 2 மணியை ஓட்டிப் பாருங்கள். படம், பதிவு, நேரம் மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். பெட்டிக்குள் நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் தேதி பல வருஷம் பின்னால் குதித்துவிடும். அப்போது நேற்றைய பதிவு ஏதோ பழைய வருஷத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும். மெனுவில் நேர மண்டலத்தை 5:30 என்று வைத்து, என்டிபியை ஆன் செய்தால் நெட் உள்ளவரை கடிகாரம் தானே சரியாகிக்கொள்ளும். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

திருட்டோ விபத்தோ நடந்து போலீஸ் பதிவைக் கேட்டால் நேரம்தான் முதலில் பார்க்கப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, நகலெடுத்த மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று சொன்னது இதைத்தான். பெட்டியின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று அப்போது தெரியவந்தால் அவசரப்பட்டு அதைத் திருத்தாதீர்கள். பெட்டியின் நேரமும் உங்கள் போனின் நேரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்துப் பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். கடிகாரத்தை அதற்குப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.